பறக்குற ஹெலிகாப்டரோட பிளேடு தொங்காது

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சின்ன அளவுல ஹெலிகாப்டர் மாதிரி மாடல் செய்யுறவங்களப் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, பாத்ததும் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அந்த ஹெலிகாப்டர் போட்டோவுக்குக் கீழ 'பறக்கும் நிலையில்'னு போட்டிருந்தீங்களே, அதப் பத்தி மட்டும் சொல்லியே ஆகணும். செஞ்சவர் கை ரொம்ப சுத்தம், பெயின்ட் வேலை பிரமாதம். ஆனா மேல சுத்துற ரோட்டரோட பிளேடு நாலும் நுனி கீழ தொங்கிட்டு இருக்கு. அது நிறுத்தி வெச்ச ஹெலிகாப்டர், தூக்கி ஒரு கம்பி மேல வெச்சா பறக்குறதா ஆயிடாது.

தரையில சும்மா நிக்கும்போது பிளேடு தன் எடையிலயே தொங்கும், சுத்த ஆரம்பிச்சா வெளிப்பக்கம் இழுக்குற விசையில நேராகும், மேல கெளம்பிட்டா மொத்த எடையையும் அந்தப் பிளேடுங்கதான தாங்கணும், அதனால நுனி மேல எழும்பி எல்லாம் சேந்து ஆழமில்லாத கிண்ணம் மாதிரி நிக்கும். கோனிங்னு சொல்லுவாங்க. சில டிகிரிதான், ஆனா அது இல்லன்னா கண்ணு நம்பாது. 1956ல மொத மொத பறந்த ஹியூவிங்கற அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர எடுத்துக்கோங்க, அதுல பின்னாடி வந்த UH-1H வகைக்கு ரோட்டர் குறுக்களவு 14.63 மீட்டர், நிமிஷத்துக்கு 324 சுத்து, கணக்குப் போட்டா பிளேடு நுனி விநாடிக்குக் கிட்டத்தட்ட 248 மீட்டர் ஓடுது. அந்த வேகத்துல சுத்தி எடையத் தாங்குறதோட அடையாளம் நம்ம 1/48 மாடல்ல (நெசத்துல 48ல ஒரு பங்கு அளவு) எங்க தெரியும்னா 30 சென்டிமீட்டர் ரோட்டரோட அந்தச் சின்ன வளைவுல மட்டும்தான் தெரியும்.

கடையில வாங்கி ஒட்டிச் சேக்குற மாடல் கிட்ல பிளேடு பெரும்பாலும் தட்டையா இல்லன்னா தொங்குற மாதிரியே வரும். மொத தடவ நான் மெழுகுவத்தி சூட்டுல காட்டி ஒரு பிளேட முறுக்கித் தொலைச்சேன், மனசே விட்டுப்போச்சு. அப்புறம்தான் நல்லா கொதிச்ச தண்ணியில முக்கி எடுத்து, மெதுவா மேல் பக்கமா வளைச்சு, அப்படியே பச்சத்தண்ணியில விட்டு இறுகவெக்கக் கத்துக்கிட்டேன். எல்லா பிளேடும் ஒரே வளைவா வரணும், ஒரு அட்டையில வளைவ வெட்டி வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணையும் அதோட ஒட்டிப் பாத்தா போதும். உள்ள மோட்டார் வெச்சு சுத்தவிட்டா தானா வளையும்னு சிலர் நெனக்கிறாங்க, அவ்வளவு சின்ன அளவுல பிளாஸ்டிக் ரொம்ப விறைப்பு, வளையாது, முன்னாடியே வளைச்சுதான் ஆகணும். சுத்துற மாதிரி காட்ட பிளேடுக்குப் பதிலா கண்ணாடித் தாள் வட்டத்துல மங்கலா கோடு போட்டு ஒட்டுறது எனக்குப் பிடிக்கல, வெளிச்சம் பட்டா தட்டு மாதிரிதான் தெரியுது.

மாடல தூக்கி நிறுத்துற கம்பிக்கும் கொஞ்சம் யோசிக்கணும். உடம்போட ரெண்டு பாதிய ஒட்டுறதுக்கு முன்னாடியே உள்ள கம்பி சொருகுற பித்தளைக் குழாய எபாக்சி பசை போட்டு நிறுத்திடணும், ரோட்டர் தண்டுக்கு நேர் கீழ வர்ற மாதிரி வெச்சா எடை சமமா நிக்கும். சக்கரம் இருக்குற ஹெலிகாப்டரா இருந்தா சக்கரக் கால நீட்டி விடணும், எடை இல்லாதப்ப அது தொங்கத்தான் செய்யும், கிட்ல அமுங்கின நிலையில குடுத்திருப்பாங்க. பிளாக் ஹாக் வகை ஹெலிகாப்டரா இருந்தா வால்ல இருக்குற அந்தப் பெரிய பலகையையும் கவனிக்கணும், ஒரே இடத்துல மிதக்கும்போது பின்விளிம்பு நல்லா கீழ சாஞ்சிருக்கும், வேகமா போகும்போது கிட்டத்தட்ட நேரா வந்துடும். ஹியூவி மிதக்குறப்ப இடது ஸ்கிட் (சக்கரத்துக்குப் பதிலா கீழ இருக்குற நீளக் கம்பிக் கால்) கொஞ்சம் தாழ்ந்து நிக்கும், வால் ரோட்டர் வலது பக்கமா தள்ளுறதச் சமாளிக்க பைலட் ரோட்டர இடது பக்கம் சாய்க்கிறாரு, அதனாலதான். இத மட்டும் மாடல்ல கொண்டுவந்துட்டா பாக்குறவங்களுக்குக் காரணம் தெரியாமயே அது காத்துல நிக்குதுன்னு தோணும். உள்ள பைலட் உக்காந்திருக்கணும்னு தனியா சொல்ல வேணாம், ஆனா காலி சீட்டோட 'பறக்குற' மாடல் எத்தன பாத்துட்டேன்!

அடுத்த தடவ இந்த மாதிரி பக்கம் கண்டிப்பா போடுங்க, ஒரு வேண்டுகோள், ஹெலிகாப்டர மேலருந்து எடுக்காம ரோட்டர் மட்டத்துக்குக் கேமராவ இறக்கி பக்கவாட்டுல ஒரு படம் எடுத்துப் போடுங்க, அப்பதான் அந்த வளைவு படிக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
மாடல் கட்டுற ஒரு வாசகர்