மேற்படிப்புக்கு அவசரம் வேண்டாம், துறையைப் பார்த்து முடிவெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கடைசி ஆண்டில் பிள்ளைகள் படிக்கும் நம் வீடுகளில் இப்போது ஓயாமல் பேசப்படுவது, பட்டம் வாங்கியதும் வேலைக்குப் போவதா, முதுநிலைப் படிப்பில் சேர்வதா என்பதைப் பற்றித்தான். நிலத்தடிக் கட்டுமானப் பணிகளில் நீண்ட காலமாக ஈடுபட்டு வருபவன் என்பதால் உறவினர்களும் நண்பர்களும் என்னிடமும் இதைக் கேட்கிறார்கள். வேலைச் சந்தை சற்று மந்தமாகத் தெரிந்தாலே "எடுத்த எடுப்பில் இன்னொரு பட்டத்தையும் வாங்கிவிடு" என்று பெற்றோர் சொல்வதும், நான்கைந்து விண்ணப்பங்களுக்குப் பதில் வராத சோர்வில் பிள்ளைகள் அதற்குத் தலையாட்டுவதும் எனக்கு மிகுந்த கவலை அளிக்கின்றன. வேலை கிடைக்காதோ என்ற அச்சத்தில் சேரும் மேற்படிப்பு அந்த அச்சத்தை ஓராண்டு தள்ளிவைக்குமே தவிரப் போக்காது.

என் துறையான கட்டுமானப் பொறியியலையே எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரில் ஒரு கட்டடத்தின் வடிவமைப்புக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டுமானால், நிபுணத்துவப் பொறியாளர் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டமும், இரண்டு தேர்வுகளில் தேர்ச்சியும், குறைந்தது 4 ஆண்டு நடைமுறை அனுபவமும் தேவை. முதுநிலைப் பட்டம் கட்டாயமில்லை. இந்தத் துறையில் முன்னேற விரும்பும் இளையர் முதலில் தேட வேண்டியது, தமக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கக்கூடிய மூத்த பொறியாளரின் கீழ் ஒரு நல்ல வேலை.

அப்படியானால் மேற்படிப்பே வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு நான் நினைவூட்டுவது 2004 ஏப்ரல் 20ஆம் தேதி நிக்கல் நெடுஞ்சாலையில் நடந்ததை. வட்டப்பாதை ரயில் தடத்துக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டப்பட்டுவந்த பள்ளம் இடிந்து விழுந்து நால்வர் உயிரிழந்தனர். விசாரணைக் குழு கண்டறிந்த காரணங்களில் ஒன்று, கணினியில் மண்ணின் தன்மையைக் கணித்த முறையே தவறு என்பது. அங்கிருந்த கடற்களிமண்ணுக்கு உண்மையில் இல்லாத வலிமையை அந்தக் கணிப்பு காட்டியதால் தடுப்புச் சுவர் தேவையான அளவு வலுவாக வடிவமைக்கப்படவில்லை. சுவரைத் தாங்கிய எஃகுச் சட்டங்கள் இணையும் இடங்களும் பலவீனமாக இருந்தன. இவற்றோடு, சுவர் வளைவதை அளவீட்டுக் கருவிகள் முன்கூட்டியே காட்டியும் அந்த எச்சரிக்கைகள் உரிய முறையில் கவனிக்கப்படவில்லை. முதல் பிழையைத் தவிர்க்க மண்ணியலில் இளநிலைப் பாடத்தைத் தாண்டிய அறிவு வேண்டும்; கடைசிப் பிழையைத் தவிர்க்கப் பணித்தளத்தில் பழகிய கண்ணும், வேலையை நிறுத்தச் சொல்லும் துணிவும் வேண்டும். இன்று நிலத்தடிப் பொறியியலுக்கென்றே தனியாக ஒரு சிறப்புப் பதிவு இங்கு இருக்கிறது.

ஆகவே என் துறையில் மேற்படிப்பு அவசியமாகும் காலம் ஒன்று வரத்தான் செய்கிறது. ஆனால் அது இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு வருவதே நல்லது. புதிதாகச் சேரும் பட்டதாரியை நாங்கள் முதலில் கம்பி கட்டும் இடத்துக்குத்தான் அனுப்புவோம். வரைபடத்தில் 150 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும் கம்பி இடைவெளியை அவர் அளவு நாடாவைப் பிடித்து அளந்து பார்க்க வேண்டும். கான்கிரீட் லாரி வந்ததும் 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பில் கலவையை நிரப்பித் தூக்கி, அது எவ்வளவு சரிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எடுத்து வைத்த கனசதுர மாதிரிகளின் 28 நாள் சோதனை முடிவு வரும்வரை பதிவேட்டை விட்டுவிடக்கூடாது. வெயிலில் நின்று இதையெல்லாம் செய்தவர் பகுதிநேர மாணவராக மாலை வகுப்பில் போய் உட்காரும்போது, விரிவுரையாளர் களிமண்ணைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொன்றையும் தாம் பார்த்த பள்ளத்தோடு பொருத்திப் பார்க்கிறார், கேள்வி கேட்கிறார். பணித்தளத்தையே காணாமல் வந்தவருக்கு அதே பாடம் பெரும்பாலும் தேர்வுக்கான சூத்திரமாகவே நின்றுவிடுவதை என்னிடம் வேலைக்கு வந்த பலரிடம் கண்டிருக்கிறேன்.

எல்லாத் துறைக்கும் இதுவே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கணினிச் சில்லு வடிவமைப்பு, பொருளறிவியல் ஆராய்ச்சி போன்றவற்றில் நாட்டமுள்ள பிள்ளை, அதற்குரிய மதிப்பெண்ணும் பேராசிரியரின் பரிந்துரையும் இருந்தால், தயங்காமல் மேலே படிக்கட்டும். அப்படிப்பட்ட பிள்ளையை "படித்தது போதும், சம்பாதி" என்று தடுப்பதும் தவறுதான். ஆய்வுப் படிப்புக்குப் பல்கலைக்கழகங்களும், அரசாங்க ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரும் உதவித்தொகை தருகின்றன. ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருந்துகொண்டே முனைவர் பட்டம் பெறப் பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் திட்டமும் உண்டு. இந்த வழிகளைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

பணத்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். மத்திய சேமநிதியின் கல்விக் கடன் திட்டத்தில் பெற்றோரின் சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்த தொகையை, பட்டம் பெற்ற ஓராண்டில் பிள்ளை வட்டியுடன் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். அது பெற்றோரின் ஓய்வுக்காலச் சேமிப்பு. பாடமுறையிலான முதுநிலைப் படிப்புக்கு அத்திட்டமும் உதவாது. இளநிலைக்குக் கிடைத்த அளவு மானியமும் பெரும்பாலும் கிடைக்காது. பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாக வந்து, கட்டாயத் தேசிய சேவையையும் முடித்த ஓர் இளையர் பட்டம் வாங்கும்போது வயது 25ஐத் தொட்டுவிடும். அந்த வயதில் கையிலிருந்து கட்டணம் கட்டி முழுநேரமாகப் படிப்பதென்றால், சம்பளமில்லாத அந்த ஓராண்டையும் செலவுக் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நிரந்தரவாசிகளும் தமிழகத்திலிருந்து வந்து இங்கு இளநிலை படித்தவர்களும் வேறு கணக்குப் போட வேண்டியிருக்கும். இவர்களில் கல்வி அமைச்சின் கட்டண மானியம் பெற்றவர்கள் பட்டத்துக்குப் பின் 3 ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனங்களில் வேலை பார்க்கக் கடமைப்பட்டவர்கள். வெளிநாட்டவர் எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனும் வேலை அனுமதி பெற, 2023 செப்டம்பரில் நடப்புக்கு வந்த காம்பஸ் என்ற புள்ளி முறையில் பொதுவாக 40 புள்ளிகள் எடுக்க வேண்டும்; கல்வித் தகுதிக்கு அதில் அதிகபட்சம் 20 புள்ளிகள்தான். இங்கே இன்னொரு பட்டம் வாங்கிவிட்டால் பாஸ் தானாகக் கிடைத்துவிடும் என்று நம்பி, ஊரில் நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டுமானம், மின்னியல், இயந்திரவியல், வேதிப் பொறியியல் எனத் துறைக்கு ஒருவராக நம் சமூகத்துப் பொறியாளர்களை அழைத்து, அவர்கள் பட்டம் பெற்ற பிறகு முதல் ஐந்து ஆண்டுகளில் என்ன செய்தார்கள், மேற்படிப்புக்கு எப்போது போனார்கள், யார் கட்டணம் கட்டினார்கள் என்பதை அவர்கள் சொல்ல ஒரு தொடராக வெளியிடுங்கள். மாணவர்கள் இறுதியாண்டின் முதல் பருவத்தில் இருக்கும்போதே அது வந்தால், விண்ணப்பக் காலம் முடிவதற்குள் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படித்துப் பேச நேரமிருக்கும். என் துறையைப் பற்றி எழுத நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர் ஒருவர்,
உட்லண்ட்ஸ்