நவுறுவுக்கு அனுப்புமுன் அந்த மனிதன் சொல்வதைக் கேளுங்கள்: உள்துறை அமைச்சருக்கு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
மாண்புமிகு உள்துறை மற்றும் குடிவரவு அமைச்சர் அவர்கள்,
நாடாளுமன்றம், கன்பரா.

பொருள்: சொந்த நாடல்லாத நவுறுத் தீவுக்கு ஆட்களை அனுப்புவதை நிறுத்தக் கோருதல்.

ஐயா,

நாங்கள் மேற்கு சிட்னியில் வாழும் ஈழத்தமிழர்கள். எங்களில் பலர் இந்த நாட்டுக் குடிமக்கள், வரி கட்டுகிறோம், வாக்குப் போடுகிறோம், பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிறார்கள். அதே நேரம் எங்கள் உறவிலும் அயலிலும் படகில் வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் விசா கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறோம்.

2025 ஆகஸ்ட் 29 அன்று நீங்கள் பசிபிக் தீவு நாடான நவுறுவுக்குப் போய், உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றால் குடிவரவுத் தடுப்பிலிருந்து வெளியே வந்த விசா இல்லாதவர்களை அங்கே அனுப்ப அந்நாட்டு ஜனாதிபதியோடு ஒப்பந்தம் போட்டீர்கள். முன்பணம் 408 மில்லியன் டொலர், அதன்பிறகு வருடத்துக்கு 70 மில்லியன், முப்பது வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் இரண்டரை பில்லியன் வரை போகலாம் என்று செனட் விசாரணையில் அதிகாரிகளே சொன்னார்கள். கையெழுத்திட்ட நேரத்தில் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மக்களுக்குக் காட்டவில்லை. ஒரு கிழமைகூட ஆகவில்லை, செப்டெம்பர் 4 அன்று இன்னொரு சட்டமும் நிறைவேறியது: மூன்றாம் நாடொன்றுக்கு அனுப்புவதற்கான ஏற்பாடுகளைச் செய்யும்போது சம்பந்தப்பட்டவரின் பக்கத்தைக் கேட்க வேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்று. இப்போது அனுப்பவும் தொடங்கியாயிற்று.

எங்களுக்குப் பொறுக்கமுடியாதது இதுதான். ஒரு மனிதனை அவன் பிறக்காத, அவனுக்கு ஒருவரையும் தெரியாத, 21 சதுர கிலோமீற்றர் தீவு ஒன்றுக்கு முப்பது வருட விசாவில் ஏற்றிவிடுகிறீர்கள். அங்கே மொத்தமே பன்னிரண்டாயிரம் பேரளவில்தான் வாழ்கிறார்கள். ஏற்றுமுன் அவன் வாயைத் திறந்து, எனக்கு இருதய வருத்தம் இருக்கிறது, என் மனைவி பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், அங்கே போனால் எனக்கு இன்ன ஆபத்து இருக்கிறது என்று சொல்லக்கூட இடம் கொடுக்கமாட்டீர்களா?

இவர்கள் குற்றம் செய்தவர்கள்தானே, உங்களுக்கு என்ன வந்தது என்று எங்கள் சமூகத்திலேயே கேட்கிறார்கள். அதற்கும் நேராகவே பதில் சொல்கிறோம். 2023 நவம்பர் 8 அன்று உயர் நீதிமன்றம், திருப்பி அனுப்ப வழியில்லாதவர்களைக் காலவரையின்றி அடைத்துவைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர் நாடற்ற ரோகிங்கியர். அதன்பிறகு வெளியே வந்தவர்கள் முந்நூற்றுக்கும் மேல். அவர்களில் பாரதூரமான குற்றம் செய்தவர்கள் இருக்கிறார்கள், அதை நாங்கள் மறைக்கவில்லை, பாதிக்கப்பட்டவர்களின் வலியையும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சிறைத்தண்டனை பெற்றவர்கள் அதை அனுபவித்து முடித்தவர்கள். அதே குற்றத்தைச் செய்த அவுஸ்திரேலியக் குடிமகன் தண்டனை முடிந்ததும் வீட்டுக்குப் போகிறான், இவனை மட்டும் தீவுக்கு அனுப்புவது இரண்டாவது தண்டனை இல்லாமல் வேறென்ன? நீதிமன்றம் அடைக்கக்கூடாது என்று சொன்னதற்காகக் கடல் கடத்துவதை எங்களால் ஏற்கமுடியாது.

அப்புறம், இது அந்த முந்நூற்றுச் சொச்சம் பேரோடு நிற்கும் என்று யாரால் உறுதி சொல்லமுடியும்? 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டம் மூன்றாம் நாடுகளுக்குப் பணம் கொடுத்து ஆட்களை அனுப்ப வழிசெய்தது. அதன் வலைக்குள் எண்பதாயிரம் பேருக்கு மேல் வரலாம் என்று செனட்டில் பேசப்பட்டது. ஒருவர் அகதிதான் என்று முன்பு ஏற்றுக்கொண்ட முடிவைக்கூட மறுபடி கிளறிப்பார்க்கும் அதிகாரம் அந்தச் சட்டத்தால் கூடியிருக்கிறது. குற்றம் எதுவும் செய்யாமல், விசா மறுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் பயந்துகொண்டிருப்பவர்கள் எங்கள் மத்தியில் நிறையப் பேர்.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். போரின் கடைசி நாட்களில் வட்டுவாகலால் வந்து, மனிக் பாம் முகாமில் அடைபட்டு, பிறகு படகேறியவர். இங்கே அவருடைய வழக்கை அவசர அவசரமாக முடிக்கும் அந்த ‘ஃபாஸ்ட் ட்ராக்’ முறையில் பார்த்தார்கள், நேரில் கூப்பிட்டு விசாரிக்காமல் கடதாசியைப் பார்த்தே மேன்முறையீட்டையும் தள்ளினார்கள். இரவு வேலை, கோழி இறைச்சித் தொழிற்சாலையில். கார் ரெஜோவை, அதாவது பதிவுக் கட்டணத்தை, மூன்று மாதத்துக்கு மேல் கட்டமாட்டார். வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டினால் மலிவு அண்ணை என்றால், அதுவரைக்கும் இங்கே இருப்பேனோ தெரியாது என்பார். நவுறு செய்தி வந்த நாளிலிருந்து குடிவரவுத் திணைக்களத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் தனியாகத் திறக்கமாட்டார், ஆளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் திறப்பார். அந்த ஃபாஸ்ட் ட்ராக் முறை நியாயமற்றது என்று சொல்லி அதை ஒழித்ததே உங்கள் அரசுதான். சரி, ஒழித்தீர்கள். அதில் தோற்றவர்களை என்ன செய்வதாக உத்தேசம்?

நவுறுவை எங்களுக்குப் புதிதாக யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. 2012 செப்டெம்பரில் படகில் வந்தவர்களை அடைக்கும் முகாமை அங்கே மறுபடி திறந்தபோது முதல் விமானத்தில் கொண்டுபோன 30 பேரும் இலங்கையர். அங்கே இருந்துவந்தவர்கள் பூஞ்சணம் பிடித்த கூடாரங்களையும் பொஸ்பேற் தூசியையும் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் படகு இலக்கம் சொல்லிக் கூப்பிட்டதைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவர்களுக்குக் குரல் உடைகிறது. 2018இல் அங்கே மனநல சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பை நவுறு அரசு வெளியேற்றியது. 2025 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமைக் குழு, நவுறுவில் ஆட்களை அடைத்துவைத்ததற்கு அவுஸ்திரேலியாதான் பொறுப்பு, இன்னொரு நாட்டிடம் ஒப்படைத்ததால் அந்தப் பொறுப்பு நீங்காது என்று சொன்னது. அதே வருடமே மறுபடி ஒப்பந்தமா?

இன்னொரு பயமும் இருக்கிறது, இதை ஒருவரும் வாய்விட்டுப் பேசுவதாகத் தெரியவில்லை. நவுறு அவர்களை அங்கேயே வைத்திருக்குமா, இல்லை நாளைக்கு அவரவர் ஊருக்கே ஏற்றிவிடுமா? பிரித்தானியா ருவாண்டாவுக்கு ஆள் அனுப்பப் பார்த்தபோது அங்கத்தைய உச்ச நீதிமன்றம் 2023 நவம்பர் 15 அன்று தடுத்ததற்குக் காரணமே இதுதான்: ருவாண்டா அவர்களைத் தப்பிவந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடும் ஆபத்து உண்டு என்று. நேராக அனுப்பக்கூடாது என்று சட்டம் சொல்கிற ஒருவரைச் சுற்றிவளைத்து அனுப்பினாலும் அவருக்கு நடக்கப்போவது ஒன்றுதான்.

ஆகவே ஐயா, நாங்கள் கேட்பது இவ்வளவுதான். நவுறுவுக்கு அனுப்புவதை உடனே நிறுத்துங்கள். ஒப்பந்தத்தின் ஒரு வரியையும் மறைக்காமல் வெளியிடுங்கள், அங்கே போகிறவரை அவருடைய நாட்டுக்குத் திருப்பி அனுப்பமுடியுமா முடியாதா என்று அதில் என்ன இருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். செப்டெம்பரில் எடுத்துப்போட்ட அந்த உரிமையை, அதாவது தன் பக்கத்தைச் சொல்லும் உரிமையை, சட்டத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள். குடும்பம் இங்கே இருக்கிற எவரையும் பிரித்து அனுப்பாதீர்கள்.

ஃபாஸ்ட் ட்ராக்கில் மறுக்கப்பட்டவர்கள் விடயத்தில் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. குடிவரவுச் சட்டத்தின் 48பி பிரிவில் அவர்களை மறுபடி விண்ணப்பிக்க விடும் அதிகாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. குயின்ஸ்லாந்தின் பிலோயிலாவில் வாழ்ந்து, பிறகு தடுப்பில் அடைக்கப்பட்ட தமிழ்க் குடும்பத்துக்கு 2022இல் உங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தபின்தானே ஊர் திரும்பவும் நிரந்தர விசா பெறவும் வழி பிறந்தது, அந்தச் சிற்றூர் மக்கள் வருடக்கணக்காகக் கேட்டதும் வீண்போகவில்லை. அன்றைக்குச் செய்யமுடிந்ததை இன்றைக்கும் செய்யலாம்.

எங்கள் பிரதிநிதிகள் உங்களை நேரில் சந்திக்க நேரம் ஒதுக்கித் தாருங்கள். வருகிறவர்களில் விசா இல்லாதவர்களும் இருப்பார்கள், அவர்கள் பேசுவதையும் கேளுங்கள். இந்த மனுவுக்கான பதிலை எழுத்தில், மேலே கேட்ட ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேற்கு சிட்னி ஈழத்தமிழ்க் குடும்பங்கள்
(கையொப்பங்கள் பின்னிணைப்பில்)