முருகேசனுக்கு: இருட்டில் நேரம் பார்ப்பது பற்றி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும், இருட்டறையில் நீயே கழுவிய நெகட்டிவ் நான்கும் வந்து சேர்ந்தன. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம், வெயில்தான் தாங்கவில்லை.

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நிழலில் விவரம் இருக்கிறது, ஆகவே எக்ஸ்போஷரில் குறையில்லை. வானமும் வெள்ளைச் சுவரும்தான் கரியாகக் கட்டிப்போய் நிற்கின்றன. டெவலப்பரில், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலில், நிழல் பகுதி சீக்கிரமே வந்து நின்றுவிடும். வெளிச்சப் பகுதியோ நேரம் ஏற ஏற அடர்ந்துகொண்டே போகும். உன் ஃபிலிம் கிடக்க வேண்டியதைவிட அதிக நேரம் கிடந்திருக்கிறது. நீ விநாடி பிசகாமல் எடுத்ததாக எழுதியிருக்கிறாய், அதை நம்புகிறேன். எனக்குச் சந்தேகம் உன் கடிகாரத்தின் மேல்தான்.

மச்சான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கிராலாப் 300 இருட்டறைக் கடிகாரம் நல்ல பொருள். ஆனால் அதற்குள் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார், அது மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. நீ போட்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 110 ஆக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. கடிகாரம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடுகிறது: அது 10 நிமிடம் காட்டும்போது உண்மையில் 12 ஆகியிருக்கும். 5 நிமிடத்துக்கு வைத்து, கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார். 6 நிமிடம் கழித்து மணி அடித்தால் விஷயம் முடிந்தது. தூக்கிப் போட வேண்டாம், வேண்டிய நேரத்தில் ஆறில் ஒரு பங்கைக் கழித்து வைத்தால் போதும்.

அதன் ஒளிரும் முள்ளும் எண்களும் ஃபிலிமைக் கெடுக்குமா என்று கேட்டிருந்தாய். நீ போடும் இல்ஃபோர்டு எச்பி5 பான்குரோமாடிக் ஃபிலிம், எல்லா நிறத்தையும் பார்க்கும், பச்சை ஒளியையும் சேர்த்து. விளக்கை அணைத்த உடனே முகப்பு பளிச்சென்று இருக்கும், போகப் போக மங்கும். ட்ரேயிலிருந்து ஓர் ஆள் தூரத்தில், முகப்பு சுவரைப் பார்த்தபடி வைத்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனாலும் சோதித்துவிடு. சாம்பல் நிறச் சுவரை மூன்று ஸ்டாப் குறைத்து, அதாவது எட்டில் ஒரு பங்கு ஒளியில், எடுத்த ஒரு ஷீட்டை (தனித்தனித் தாளாக வரும் ஃபிலிமை) வேலை மேசையில் வை. அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து 20 நிமிடம் விட்டு, பிறகு கழுவு. நாணயத்தின் வட்டம் தெரிந்தால் வெளிச்சம் எட்டுகிறது என்று அர்த்தம். புது ஷீட்டில் இதைச் செய்யாதே. ஏற்கனவே கொஞ்சம் ஒளி வாங்கிய ஃபிலிம்தான் துளி வெளிச்சத்தையும் காட்டிக்கொடுக்கும்.

என்னைக் கேட்டால், இருட்டில் கண்ணுக்கு வேலையே வைக்கக் கூடாது. காதும் கையும் போதும். போனில் உன் குரலையே பதிவு செய்: ஐந்து விநாடிக்கு ஒரு தட்டல், அரை நிமிடத்துக்கு ஒருமுறை "ஒன்று", "இரண்டு" என்று சுற்றின் எண் (சுற்று எது என்று கீழே சொல்கிறேன்). டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்துக்கும், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸருக்கும் சேர்த்து ஒரே பதிவாக ஓடட்டும். போன் கதவுக்கு வெளியே இருக்க வேண்டும், ஏர்ப்ளேன் மோடில். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகும், நீ ஈரக் கையோடு இருட்டில் நிற்பாய். உள்ளே ஸ்பீக்கர் வைத்தால் அதன் நீல விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டு. ஸ்மார்ட் வாட்சைக் கழற்றிவிட்டுப் போ, கையைத் தூக்கினாலே திரை எரியும். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ், நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கும் என்லார்ஜர் வேலைக்கு மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) தட்டலை எண்ணுவார். பேப்பருக்கு அது ரொம்ப வசதி. எட்டு நிமிடம் ஓடும் ஃபிலிமுக்கு வெறும் தட்டல் போதாது, நடுவில் கணக்கு தப்பிவிடும்.

இனி கை வேலை. 4×5 அங்குல ஷீட் ஆறு, 8×10 அங்குல ட்ரேயில் ஒரு லிட்டர் டெவலப்பர். ஷீட்டை நிமிர்த்திப் பிடித்து ஓரத்து வெட்டு வலது மேல் மூலையில் இருந்தால் எமல்ஷன், அதாவது ஒளி பதியும் பூச்சு, உன்னைப் பார்க்கிறது. எமல்ஷன் மேலாக வை. முதல் ஷீட்டை மட்டும் தலைகீழாகத் திருப்பு, வெட்டு இடது கீழ் மூலைக்கு வரட்டும், எமல்ஷன் அப்போதும் மேலேதான். முதலில் அதே சூடுள்ள வெறும் தண்ணீரில் ஒவ்வொன்றாக இறக்கி நனைத்துவிடு. உலர்ந்த ஷீட் இரண்டு டெவலப்பரில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

பிறகு டெவலப்பருக்குள் ஐந்து விநாடிக்கு ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடு. ஆறும் போட அரை நிமிடம், அதுவே முதல் சுற்று. அதன் பிறகு ஒவ்வொரு தட்டலுக்கும் அடியிலிருந்து ஒன்றை உருவி மேலே வைத்து உள்ளங்கையால் மெல்ல அமுக்கு. தலைகீழ் ஷீட் மறுபடி அடிக்கு வந்தால் ஒரு சுற்று முடிந்தது, அரை நிமிடம் ஆகியிருக்க வேண்டும். குரல் சொல்லும் எண்ணும் கையில் தட்டுப்படும் வெட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். 15 சுற்று முடிந்தால் ஏழரை நிமிடம். எடுக்கும்போதும் அடியிலிருந்து, அதே வரிசையில், அதே ஐந்து விநாடி இடைவெளியில் எடு. முதலில் போனது முதலில் வெளியே வருவதால் ஆறுக்கும் ஒரே நேரம் கிடைக்கும். அவசரப்பட்டு ஆறையும் சேர்த்து அள்ளினால் கடைசி ஷீட்டுக்கு 25 விநாடி குறைந்துவிடும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். ஷீட்டைச் சாய்த்துக் குத்தினாலும் அதன் மூலை கீழே இருப்பதைக் கீறும்.

ஏழரை நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். எச்பி5க்கு ஐடி-11 டெவலப்பரும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று கலவையில், 20 டிகிரியில் 13 நிமிடம் என்பது அதைத் தயாரிக்கும் இல்ஃபோர்டு கம்பெனியின் கணக்கு. நம் ஊரில் 20 டிகிரிக்கு எங்கே போவது? 24க்கு இறக்கினாலே பெரிய காரியம். 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23ல் 3 நிமிடம் என்று அவர்கள் சொல்லும் விகிதப்படி, 24ல் 13 நிமிடம் ஏறக்குறைய 9 ஆகும். அது டேங்கை அவ்வப்போது கவிழ்ப்பதற்கான நேரம். ட்ரேயில் விடாமல் புரட்டுவதால் 15 சதவீதம் வரை குறைக்க வேண்டும், 7 நிமிடம் 40 விநாடி வரும். சுற்றுக் கணக்குக்காக ஏழரையாக வைத்துக்கொள். தண்ணீர் சேர்க்காத ஸ்டாக்கை வெயில் காலத்தில் தொடாதே. 20 டிகிரியிலேயே ஏழரை நிமிடம், 26ல் நாலேகால்தான் மிஞ்சும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் வானத்தில் திட்டுத் திட்டாக வரும், ஐந்து விநாடித் தடுமாற்றம்கூட நெகட்டிவில் தெரியும்.

ட்ரேயை இன்னொரு பெரிய ட்ரேயில் குளிர்ந்த தண்ணீர் விட்டு அதற்குள் வை. ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டி வெளித் தண்ணீரில் மட்டும் போடு, டெவலப்பருக்குள் வேண்டாம், உருகினால் கலவை நீர்த்துவிடும். உன் கைச் சூட்டிலேயே டெவலப்பர் ஏறும். தொடக்கத்தில் ஒரு தடவை, ஃபிக்ஸர் முடிந்து விளக்கு போட்டபின் ஒரு தடவை சூட்டைப் பார். இரண்டின் சராசரியை நோட்டில் எழுதிவை, அடுத்த முறை நேரத்தை அதை வைத்துத் திருத்தலாம்.

ஸ்டாப் பாத்தில் அரை நிமிடம், ரேபிட் ஃபிக்ஸர் ஒன்றுக்கு நான்கு கலவையில் ஐந்து நிமிடம். இரண்டிலும் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே இரு. அதுவரை விளக்கைத் தொடாதே.

கரும்பச்சை விளக்கில் பார்த்துப் பார்த்துக் கழுவலாமா என்றும் எழுதியிருந்தாய். அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் அப்படித்தான் செய்தார். பாதி நேரம் தாண்டிய பிறகு, சில விநாடி மட்டும். அந்த வெளிச்சத்தில் ஈர நெகட்டிவின் அடர்த்தியைப் படிக்கப் பழக நிறைய ஃபிலிம் பாழாகும். நேரமும் சூடும் கைக்கு வந்தவனுக்கு அது தேவையில்லை, வராதவனுக்கு அது உதவாது. கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பச்சை ஒளியைப் பார்க்கும், சிவப்பைப் பார்க்காத எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி, கருஞ்சிவப்பு விளக்கில் கழுவு. விலையும் குறைவு. இரண்டு பக்கமும் எமல்ஷன், கீறல் சுலபமாக விழும், ஒவ்வொரு ஷீட்டாகத்தான் போட வேண்டும்.

அடுத்த தடவை ஆறு ஷீட்டிலும் ஒரே சுவரை ஒரே எக்ஸ்போஷரில் எடுத்து, மேலே சொன்னபடி கழுவு. காய்ந்ததும் முதலாவதையும் ஆறாவதையும் அருகருகே வைத்துப் பார். அடர்த்தி மாறினால் போடும்போதோ எடுக்கும்போதோ வரிசை பிசகியிருக்கிறது. ஓரம் நடுவைவிடக் கருத்திருந்தால் நீ வேகமாகப் புரட்டுகிறாய். இரண்டும் இல்லாமல் ஆறும் ஒரே அளவில் கருத்திருந்தால் நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறை. அந்த ஆறையும் தபாலில் அனுப்பு, சூடு எழுதிய நோட்டுத் தாளையும் சேர்த்து.

அம்மாவுக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்.

அன்புடன்,
சேகர்