மறுமுனையைப் பிடித்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஹூஸ்டனுக்கு வடமேற்கே டாட் மிஷன் என்ற சிற்றூரில் 1974 முதல் நடந்துவருகிறது டெக்சஸ் மறுமலர்ச்சித் திருவிழா. அங்கே விரல்களாலேயே கயிறு பின்னக் கற்றுவந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கதவுக் கைப்பிடி எல்லாவற்றிலும் நூல் தொங்குகிறது. அதற்குக் காரணமானவர்களுக்கும், அதைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல்.

முதல் நன்றி அங்கே கயிறு விற்ற அம்மையாருக்கு. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவைக் காட்டும் விழா என்று பேச்சு. நடைமுறையில் ஹென்றி மன்னரின் அரசவைக்காரர்களும் வைக்கிங்குகளும் கடற்கொள்ளையரும் ஒரே வரிசையில் நின்று வான்கோழிக் கால் வாங்குவார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. குதிரை வீரர்களின் ஈட்டிப் போட்டியைப் பார்க்க வீட்டார் ஓடிவிட, நான் இவருடைய கடை முன்னால் நின்றுவிட்டேன். தறி இல்லை, ஊசி இல்லை. விரல்களில் ஐந்து நூல் கண்ணிகள் மட்டும். அவற்றிலிருந்து ஒரு கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது. வாங்க வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு என் விரல்களில் கண்ணிகளை மாட்டி, நுழைக்கும் முறையைக் காட்டினார். வியாபாரம் சூடு பிடித்திருக்கும் வேளையில் அதற்குத் தனி மனம் வேண்டும்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்து கண்ணிகளின் முனைகளையும் சேர்த்து முடிந்து ஒரு கொக்கியில் மாட்டுகிறோம். இடக்கை விரல்களில் மூன்று கண்ணிகள், வலக்கையில் இரண்டு. சும்மா இருக்கும் வலது ஆள்காட்டி விரல் தன் கையிலுள்ள இரண்டு கண்ணிகளுக்குள்ளும் புகுந்து போய், இடக்கையின் கடைசிக் கண்ணியைக் கொக்கிபோட்டு இழுத்து வரும். இடக்கைக் கண்ணிகளை ஒவ்வொரு விரல் தள்ளி மாட்டிக்கொண்டு, இரு கைகளையும் அகல விரித்து இறுக்க வேண்டும். அடுத்தது இடக்கையின் முறை. கண்ணியை ஒரு திருப்பு திருப்பி எடுக்கிறோமா, அப்படியே எடுக்கிறோமா என்பதில்தான் சூட்சுமம். இரு பக்கமும் திருப்பினால் கயிறு சதுரமாகத் திரளும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் தட்டைப் பட்டையாகும். எந்தப் பக்கமும் திருப்பாவிட்டால், மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு தனித்தனிப் பட்டைகள் ஒரே வேளையில் உருவாகும்! அதே ஐந்து கண்ணிகள், அதே விரல்கள். என் மகள் இதைத் தன் வகுப்பில் செய்துகாட்டிவிட்டு வந்து, கணக்கு ஆசிரியர்தான் அதிகம் வியந்தார் என்றாள்.

அடுத்து, 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரானிசம்' நண்பர்கள். பழைய ஐரோப்பாவின் வாழ்க்கையையும் கைவினைகளையும் மறுபடி செய்துபார்ப்பவர்களுக்காக 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய அமைப்பு அது. அதன் எங்கள் பகுதிக் குழுவினர் கூடும் கைவினை மாலைகளில், சேலை கட்டி வந்த என்னையும் ஒரு நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார வைத்தார்கள். இந்தக் கயிறுகள் அலங்காரத்துக்கு மட்டும் அல்ல என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அக்கால ஆண்கள் இடுப்புவரை ஏறும் காலுறையை மேல்சட்டையோடு பிணைத்துக் கட்டியது இவற்றால்தான். துளையில் எளிதாக நுழைய முனையில் உலோகப் பூண் போட்டிருப்பார்கள். கயிறு அறுந்தால் மானம் போய்விடும். வைக்கிங்குகள் கயிறு பின்னியது என்று சொல்லி விற்றதை நம்பி நான் வாங்கிவந்திருந்த இரட்டைக் கொம்பு மரக்கருவியைப் பார்த்து, "நல்ல சதுரக் கயிறு வரும், தாராளமாகப் பின்னுங்கள். வைக்கிங் கதைக்குத்தான் சான்று போதாது" என்றார் ஒரு பெரியவர். இப்படி இதமாகத் திருத்துகிறவர்கள் எல்லாக் குழுவிலும் கிடைப்பதில்லை.

எங்கள் வட்டார நூலகருக்கும் கடன்பட்டிருக்கிறேன். சுவிஸ் ஆய்வாளர் நோயெமி ஸ்பைசர் பழைய ஆங்கிலப் பின்னல் குறிப்புகளைப் பற்றி எழுதியதை வெளியூர் நூலகத்திலிருந்து தருவித்துக் கொடுத்தார். பிரிட்டிஷ் நூலகத்தில் ஹார்லி 2320 என்ற எண்ணில் 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது. அதில் ஆள்காட்டி விரல் ஏ, நடுவிரல் பி என்று சுண்டுவிரல் வரை எழுத்திட்டு, எந்த விரல் எந்தக் கண்ணியை எடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஜப்பானின் பழங்காலக் கயிறுகளிலும் இதே கண்ணி முறை இருந்திருக்கும் என்று தேடித் தேடி ஆராய்ந்தவர் மசாகோ கினோஷிதா. முகமறியாத இந்த இரு பெண்மணிகளுக்கும் என் வணக்கம்.

நூல்கடைக்காரருக்கு ஒரு வரி: பிசிறுள்ள கம்பளி வேண்டாம், கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போக வேண்டும் என்று சொல்லி, அதைவிட விலை குறைந்த மெருகேற்றிய பருத்தி நூலைக் கையில் கொடுத்தீர்கள். நன்றி.

கடைசியாகச் சொன்னாலும் முதலிடம் என் மாமியாருக்குத்தான். இந்தப் பின்னலுக்கு ஓர் எல்லை உண்டு. கயிறு நம் கைவிரிப்பைவிட நீண்டால் இறுக்கம் மறுமுனைக்குப் போய்ச் சேராது. அங்கே ஓர் ஆள் வேண்டும். சில பின்னல்களை இருவர் சேர்ந்தேதான் செய்ய முடியும். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அத்தை கதவருகே நாற்காலி போட்டுக்கொண்டார். நான் கைகளை விரிக்கும்போதெல்லாம் நூல்கள் பிரியும் கவட்டில் சுண்டுவிரலை விட்டு, தன் பக்கமாக ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். மூன்று பெண்களுக்குத் தினமும் ஐந்துகால் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர். நிமிர்ந்து பார்க்காமலே, "இடப்பக்கம் தளர்கிறது பார், சாய்ந்துகொண்டு வருகிறது" என்பார். பார்த்தால் சாய்ந்திருக்கும். சீரியல் நேரத்தையும் விட்டுக்கொடுத்து மறுமுனையில் உட்கார்ந்தீர்களே அத்தை, அது எனக்குத் தெரியும்.

கயிறு கேட்டு எழுதியிருக்கும் தோழிகளே, நவம்பரில் விழாவுக்கு நாங்கள் மறுபடியும் போகிறோம். அதற்குள் உங்களுக்கும் தரப் பார்க்கிறேன். நூலை நீங்களே வாங்கி வாருங்கள். வந்தால் உடனே கிளம்ப முடியாது, அத்தை ஊருக்குத் திரும்பிவிட்டார். கதவருகே நாற்காலி காலியாக இருக்கிறது.

அன்புடன்,
ஹூஸ்டனிலிருந்து உங்கள் தோழி