வரைபடத்தில் விட்டுவைத்த நாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் மேசை விளையாட்டுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகளின் தடித்த நூல்கள் கற்பனையைச் சமைத்துத் தட்டில் வைத்துவிடுவதால், ஆடுகிற பிள்ளைகள் தாமாக எண்ணிப் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று கட்டுரையாளர் வருந்தியிருந்தார். கல்லூரி விடுதியில் தொடங்கி இன்றுவரை இவ்விளையாட்டுகளை ஆடியும் நடத்தியும் வருபவன் என்ற முறையில், இந்நூல்களில் நல்லவை செய்யும் வேலை அதற்கு நேர்மாறானது என்று தெரிவிக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974-இல் வெளியான முதல் பதிப்பு, ஒரு பெட்டிக்குள் வைத்த மூன்று மெல்லிய கையேடுகள்தாம். ஆயிரம் படிகள் அச்சாயின. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய அந்தக் கையேடுகளில் பேய், பூதம், மந்திரம், புதையல் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஆனால் கதை நடக்கும் நாடு எது என்று அவை வரையறுக்கவில்லை. ஆட்டத்தை நடத்துபவர் கட்டம் போட்ட தாளை எடுத்துத் தம் பாதாளக் கோட்டையைத் தாமே வரைந்துகொள்ள வேண்டும். எழுதி முடித்த உலகங்கள் விலைக்கு வந்தது பிற்பாடுதான். அப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை அரசர் பட்டியலும் கோயில் பட்டியலுமாக நிரம்பியவை என்பதையும், கட்டுரையாளரின் வருத்தம் அவற்றுக்குப் பொருந்தும் என்பதையும் மறுக்கமாட்டேன்.

அப்படி விலைக்கு வந்த உலகங்களில் எனக்கு மிகப் பிடித்தது 1991-இல் வந்த ‘டார்க் சன்’. ஆத்தஸ் என்னும் அந்த உலகம் ஒரு வறண்ட பாலை. அங்கே இரும்பு கிடைப்பது அரிது; எலும்பிலும் கல்லிலும் செய்த வாள் சண்டையின் நடுவே உடைந்துபோகும். காசும் பீங்கான்தான், சில்லறை வேண்டுமென்றால் ஒரு காசைப் பத்துத் துண்டாக உடைத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் வர்ணனை. அந்நூலின் உண்மையான மேதைமை மந்திர விதியில் இருக்கிறது. ஆத்தஸில் மந்திரத்துக்கான ஆற்றல் செடிகொடிகளின் உயிரிலிருந்து வருகிறது. மண்ணைக் காத்து மந்திரம் பயில்பவர் ஒரு வகை. சுற்றியுள்ள பசுமையை உறிஞ்சிச் சாம்பலாக்குபவர் மற்றொரு வகை. பாழாக்குபவருக்கு அடுத்த படிநிலையை எட்டக் குறைந்த அனுபவப் புள்ளிகளே போதும், அதாவது அவர் வேகமாக வலிமை பெறுவார் என்று அட்டவணை சொல்கிறது. தாவரம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, அவ்வளவு அகலமான வட்டம் சாம்பலாகும் என்று இன்னொரு அட்டவணை சொல்கிறது. அந்த உலகம் எப்படிப் பாலையானது என்பதை நூல் எத்தனை பக்கம் விவரித்தாலும், இந்த இரண்டு அட்டவணைகள் அளவுக்கு அது உறைக்காது.

எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நீரின்றி மூன்று நாள் நடந்த குழு ஒரு சிறிய ஊற்றையும் அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு புதர்களையும் கண்டடைந்தது. அங்கேயே கொள்ளையர் வளைத்துக்கொண்டார்கள். பாழாக்கும் மந்திரவாதியாக ஆடிய நண்பர் தம் தோழர்களைக் காப்பாற்ற மந்திரம் சொன்னார். இருபது முகப் பகடையும் அவருக்குச் சாதகமாக விழுந்தது. கொள்ளையர் ஒழிந்தார்கள். நான் வரைபடத்தில் அந்தப் புதர்களின்மேல் பென்சிலால் சாம்பல் வண்ணம் தீட்டியபோது ஒருவரும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து அந்த நண்பரே, “இனி இந்த வழியா வர்றவங்களுக்கு இங்க நிழல் கிடையாது, இல்ல?” என்றார். அந்தக் கேள்வி நூலின் எந்தப் பக்கத்திலும் அச்சிடப்படவில்லை.

சாண்டி பீட்டர்சன் எழுதி 1981-இல் வெளிவந்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’ என்னும் திகில் விளையாட்டும், உலகத்தை விதியாலேயே உணர்த்தும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மனத்தெளிவு என்று ஓர் எண் உண்டு. பிரபஞ்சத்தின் இருண்ட உண்மைகளைப் பற்றிய அறிவு ஏற ஏற, அந்த எண்ணின் உச்சவரம்பு இறங்கிக்கொண்டே போகும். 1994-இல் வந்த ‘பிளேன்ஸ்கேப்’பின் வளைய வடிவ நகரத்தில் எந்த வாசலும் வேறோர் உலகத்துக்குத் திறக்கலாம், அதன் சாவி ஒரு பூவாகவோ முணுமுணுத்த ஒரு பாட்டாகவோ இருக்கலாம். மற்றவற்றைப் பட்டியலிட்டுத் தங்கள் பக்கத்தை நிரப்ப விரும்பவில்லை.

குறை சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு; கட்டுரையாளர் அதைத் தொடவில்லை. இந்நூல்கள் பிறர் வீட்டுக் கதைகளை எடுக்கும்போது காட்டும் அலட்சியமே அது. 1977-இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்னும் பூதப் பட்டியல் நூலில் நம் ராட்சசன் புலித்தலையோடு, கையில் புகைக்குழாயோடு, ஒரு சீமைக் கனவானைப்போல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் உடனே செத்துவிடுவான். இந்த விவரம் எந்தப் புராணத்திலிருந்தும் வந்ததன்று. அக்கால அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேய்த்தொடர் ஒன்றிலிருந்து வந்தது. கம்பராமாயணத்தில் யுத்த காண்டம் படித்தவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் திகைப்பார்கள். 1980-இல் வந்த மற்றொரு நூல் விஷ்ணுவுக்கும் எமனுக்கும்கூட உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்குவார்கள் என்ற எண், கணக்கிட்டுக் கொடுத்தது. நிலைமை மாறாமலும் இல்லை: 2022-இல் வந்த ‘ரேடியன்ட் சிட்டடெல்’ தொகுப்பில், வங்க மண்ணையும் அதன் ஆறுகளையும் நினைவில் வைத்துக் கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல் ஒரு சாகசத்தை எழுதியிருக்கிறார்.

கட்டுரையாளரின் குற்றச்சாட்டுக்கு நேரான மறுமொழி, அவரே கேலி செய்திருந்த ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகத்திலேயே இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறப்பதற்கு முன்பே சிறுவனாக இருந்தபோது கற்பனை செய்யத் தொடங்கிய உலகம் அது. 1987-இல் சாம்பல் நிறப் பெட்டியில் அது வெளிவந்தபோது, செம்பியா என்னும் வணிக நாட்டை மட்டும் ஆட்டம் நடத்துபவர்கள் தாங்களே எழுதிக்கொள்ளட்டும் என்று ஒதுக்கி வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் சோழர்களின் செம்பியன் பட்டம் நினைவுக்கு வந்தது. தொடர்பு ஏதும் இல்லாவிட்டாலும் அதற்காகவே நாங்கள் அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஆறு ஆண்டுகளில் அதில் ஒரு துறைமுகம், உப்பு வணிகர்களின் தெரு, கடன் தீர்க்காத ஓர் இளவரசி, ஒற்றைக் கண்ணுள்ள சுங்க அதிகாரி எல்லாம் நான்கு குயர் நோட்டுகளில் சேர்ந்துவிட்டன. பிற்காலத்தில் வந்த நாவல்கள் செம்பியாவில் வேறு குடும்பங்களைக் குடியேற்றிவிட்டன. எங்கள் சுங்க அதிகாரி அவர்களை இன்னும் உள்ளே விடவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.