"அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சொல்வதற்கு முன்: அயர்லாந்து கால்பந்துத் தேர்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அயர்லாந்து கால்பந்துச் சங்கத்தின் தேர்வாளர்களுக்கும், சனிக்கிழமை காலைகளில் டப்ளின் மைதானங்களில் விசிலோடு நிற்கும் சிறுவர் அணிப் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம். உங்களுக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லை. இதைப் படிக்கிற இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் யாராவது மைதான ஓரக் கோட்டில் நிற்கும்போது உங்கள் காதில் போட்டு வைப்பார்கள்.

போன மாதம் என் பையனை ஒரு கிளப்பின் தேர்வுக்குக் கூட்டிப் போனேன். பயிற்சியாளர் தங்கமான மனிதர். கடைசியில் என்னைத் தனியாக அழைத்து, "பந்து அவன் காலில் நன்றாக நிற்கிறது. ஆனால் ரொம்பச் சின்னவனாக இருக்கிறான். அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார். கோபம் வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அயர்லாந்துக்கு ஆடிய நடுக்கள வீரர் வெஸ் ஹூலஹன் ஞாபகம்தான் வந்தது.

உங்களுக்கே அவரைப் பற்றிச் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அவரை மறந்துவிட்ட மாதிரிதான் தேர்வுகள் நடக்கின்றன.

1982-இல் பிறந்தவர், டப்ளின் வடக்கு உள்நகரத்துப் பிள்ளை. உயரம் ஐந்தரை அடி. அவர் காலத்துக் கெட்டிக்காரப் பையன்கள் பதினைந்து, பதினாறு வயதிலேயே கப்பலேறி இங்கிலாந்து போய்விடுவார்கள். அயர்லாந்து நட்சத்திரங்கள் ராபி கீன் அப்படிப் போனார், டேமியன் டஃப் அப்படிப் போனார். ஹூலஹன் பெல்வெடியர் சிறுவர் அணியில் ஆடிவிட்டு டப்ளின் கிளப்பான ஷெல்போர்னுக்கு வந்து, அதன் மைதானமான டோல்கா பார்க்கில் உள்நாட்டு லீக்கான லீக் ஆஃப் அயர்லாந்து ஆடிக்கொண்டிருந்தார். 2004 ஆகஸ்டில் அந்த ஷெல்போர்ன் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் குரோஷியாவின் ஹைதுக் ஸ்பிளிட்டை வீழ்த்தி, ஸ்பெயினின் டெபோர்ட்டிவோ லா கொருன்யாவை டப்ளின் லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தில் 0-0 என்று நிறுத்தியது. அந்த டெபோர்ட்டிவோ சில மாதங்களுக்கு முன்புதான் அதே போட்டியின் அரையிறுதியில் ஆடிய அணி. மறு ஆட்டத்தில் 3-0 தோல்வி, சரி. ஆனால் 22 வயதில் அந்த மேடையில் ஆடிய பையன் வெளியூர் போக இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. 2006-இல் ஸ்காட்லாந்தின் லிவிங்ஸ்டன், அப்புறம் இங்கிலாந்தில் பிளாக்பூல், 2008-இல் நார்விச்.

நார்விச் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 2009 ஆகஸ்ட். மூன்றாம் நிலை லீக்குக்கு இறங்கிய நார்விச், முதல் ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் கோல்செஸ்டரிடம் 7-1 என்று நொறுங்கியது. நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? தங்களை அடித்த கோல்செஸ்டரின் மேலாளர் பால் லாம்பர்ட்டையே கொண்டுவந்து உட்கார வைத்தது. அவர் நடுக்களத்தை வைர வடிவில் அமைத்து, அதன் முனையில், தாக்குதல் வீரர்களுக்குச் சற்றுப் பின்னால், ஹூலஹனை நிறுத்தினார். அதுவரை ஓரத்தில் விங்கில் அலைக்கழிந்தவருக்கு நடுவில் இடம் கிடைத்தது. 2010-இல் அந்த லீக் பட்டம், 2011-இல் இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக். இரண்டே வருடம். ரசிகர்கள் அவரை 'வெஸ்ஸி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரை நினைத்து அந்தப் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் சங்கத்தின் பக்கம். 2008 மே மாதம் கொலம்பியாவுக்கு எதிராக லண்டனில் முதல் சர்வதேச ஆட்டம். இரண்டாவது? 2012 நவம்பரில், கிரீஸுடன். நடுவே நாலரை வருடம். 26 வயதில் ஆரம்பித்தவருக்கு அடுத்த வாய்ப்பு வந்தபோது வயது 30.

அப்போது அயர்லாந்தின் மேலாளராக இருந்த ட்ராப்பட்டோனியை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. 24 வருடம் கழித்து அயர்லாந்தை யூரோ என்ற ஐரோப்பியக் கோப்பைக்கு 2012-இல் கூட்டிப் போனவர் அவர். இரண்டு விங்கர்கள், நடுவில் கிளென் வீலனும் கீத் ஆண்ட்ரூஸும் மாதிரி தடுத்து நிறுத்துகிற இரண்டு பேர் என்று இறுக்கமான 4-4-2 அமைப்பு. அதில் ஹூலஹன் நிற்க இடமே இல்லை. மூன்றாம் நிலை லீக்கில் ஆடியவரை முதலில் கண்டுகொள்ளாததற்கும் நியாயம் சொல்லலாம். ஆனால் 2011-12 பருவத்தில் அவர் பிரீமியர் லீக்கில் வாராவாரம் ஆடி, நார்விச் 12-ஆம் இடத்தில் முடித்தது. அந்த வருடக் கோடையில் யூரோவுக்காகப் போலந்துக்குப் போன 23 பேரில் அவர் பெயர் இல்லை.

அங்கே குடான்ஸ்க் நகரில் ஸ்பெயினுடன் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். 0-4. தோற்றுக்கொண்டிருக்கும்போதும் பச்சைச் சட்டை போட்ட நம் ரசிகர்கள் பாடிக்கொண்டே இருந்ததைப் பலர் பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்கு வேறொன்றுதான் கண்ணில் நின்றது. பந்தை நம்மிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டு ஓட விட்டவர்கள் சாவி, இனியெஸ்டா, சில்வா. மூன்று பேருமே ஐந்தரை அடியைச் சற்றுத் தாண்டியவர்கள். அப்படிப்பட்ட ஆள் நம்மிடமும் ஒருவர் இருந்தார், கோடை விடுமுறையில்.

நான்கு வருடம் கழித்து, மார்ட்டின் ஓ'நீல் மேலாளராக இருந்த காலத்தில், ஹூலஹன் அடுத்த யூரோவுக்காகப் பிரான்சுக்குப் போனார். ஸ்வீடனுக்கு எதிராக ஷேமஸ் கோல்மன் வலப்பக்கமிருந்து கொடுத்த பந்தை, அது தரையில் பட்டு எழும்பும் கணத்தில், வலைக்குள் அனுப்பினார். வயது 34. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் கோலை அல்ல. அதே போட்டியில் லீல் நகரில் இத்தாலியுடன் நடந்த ஆட்டம். ஜெயித்தே ஆக வேண்டும், ஸ்கோர் 0-0. கடைசிக் கால்மணி நேரத்தில் ஹூலஹனை இறக்குகிறார்கள். முடிய சில நிமிடங்களே இருக்கும்போது கோல்கீப்பர் சிரிகு மட்டும் எதிரே. மைதானமே எழுந்து நிற்கிறது. அவர் பந்தைச் சிரிகுவின் கையிலேயே உருட்டி விடுகிறார்! வேறொருவராக இருந்தால் அப்படியே ஒளிந்துகொண்டிருப்பார். இவர் அடுத்த நிமிடமே மறுபடி பந்தைக் கேட்டு வாங்கி, தலை தூக்கிப் பார்த்து, இடக்காலால் இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே வளைத்துப் போட்டார். ராபி பிரேடி தலையால் முட்டினார். கோல், 1-0 வெற்றி. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

தவறவிட்ட அடுத்த நிமிடமே பந்தைக் கேட்கும் அந்தத் துணிச்சலை எந்த ஸ்டாப்வாட்ச்சாலும் அளவு டேப்பாலும் அளக்க முடியாது. உங்கள் தேர்வுத் தாளில் அதற்கென்று ஒரு கட்டமும் நான் பார்க்கவில்லை.

அவர் இருந்திருந்தால் எல்லாம் ஜெயித்திருப்போம் என்று நான் சொல்லவில்லை. 2017-இல் டென்மார்க்குடன் டப்ளினில் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தின் இடைவேளையில் தடுப்பு நடுக்கள வீரர்கள் இருவரையும் எடுத்துவிட்டு அவரை இறக்கியபோது, பின்னால் காக்க ஆளில்லாமல் 1-5 என்று போனது. அவரைச் சுற்றி ஒரு அணியைக் கட்டுவது ஒன்று. வேறு வழியில்லாதபோது கூப்பிடுவது இன்னொன்று. மொத்தம் 43 ஆட்டங்களோடு அடுத்த பிப்ரவரியில் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு. அப்புறமும் மனிதர் ஆடினார். 2021-இல் அவர் ஆடிய இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் யுனைடெட் மேல் லீக்குக்கு ஏறியபோது அவருக்கு வயது 39-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.

இதை இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரியிலிருந்து, 18 வயதுக்குக் கீழ் நம் பையன்கள் இங்கிலாந்து கிளப்புகளுக்குப் போக முடியாது. ஹூலஹன் தற்செயலாக நடந்து போன பாதையில்தான் இப்போது கிட்டத்தட்ட எல்லாரும் நடக்க வேண்டும். முன்பு நீங்கள் விட்டதை லிவர்பூலோ லீட்ஸோ பார்த்துக்கொள்ளும் என்று இருக்கலாம். இன்று 13 வயதில் நீங்கள் திருப்பி அனுப்பும் பையனைப் பார்க்க வேறு ஆள் இல்லை.

என் பையன் நவம்பரில் பிறந்தவன். வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. பத்து மாதம் மூத்தவனோடு தோளுக்குத் தோள் மோதுகிறான். அந்தப் பெரிய பையனுக்கு மீசை அரும்பிவிட்டது, இவனுக்குப் பால் பல் ஒன்று போன வருடம்தான் விழுந்தது. இங்கிலாந்து அகாடமிகள் 'பயோ பேண்டிங்' என்று, பிறந்த வருடத்தை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஆட விட்டுப் பார்த்தன. மாதம் ஒரு சனிக்கிழமை அப்படி ஆட வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? கூம்புகள் இருக்கின்றன, பந்து இருக்கிறது. குழுக்களை மாற்றிப் பிரித்தால் போதும். தேர்வுத் தாளில் பிறந்த மாதத்தையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். 16 வயதுக்கு முன் "சின்னவன்" என்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

அடுத்த தேர்வுக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு வருவேன். எந்த மைதானம், எத்தனை மணி என்று மட்டும் சொல்லுங்கள். ஒன்பதாம் எண் சட்டை கொடுத்தால் முழங்கால் வரை தொங்கும், கண்டுபிடிப்பது சுலபம்.

இப்படிக்கு,
டப்ளின் வடக்கிலிருந்து ஒரு அப்பா