பேண்டு குழு: ஞாயிறு பயிற்சிக்குப் புதிய மாஸ்டர் வருகிறார்

அனைவருக்கும் வணக்கம்.

ராணுவ பேண்டு மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இனி நம் குழுவை நடத்தித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் 1950 முதல் இயங்கும் ராணுவ இசைப் பிரிவில் படித்தவர். ஒரு பாட்டை ஒவ்வொரு கருவிக்கும் பிரித்து எழுதுவதும் குழுவை நடத்துவதும் அங்கே பாடம். நமக்குக் குறையாக இருப்பதும் அதுதான்.

ஞாயிறு, 14-ம் தேதி, காலை 6.30. பாம்பன் சமுதாயக் கூடம். 6.15-க்கே வந்துவிடுங்கள்.

1. டிரம்பெட், யூபோனியம்: வால்வுகளைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் 3 சொட்டு வால்வு ஆயில் விடவும். உப்புக்காற்றில் பச்சை பூத்த வால்வு அமுக்கினால் பாதியில் நின்றுவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும். எண் பார்த்து அதே குழலில் போடவும். மாறினால் காற்று போகாது.

2. டியூனிங் சிலைடு (சுருதி சேர்க்க இழுக்கும் குழாய்) இறுகியிருந்தால் இப்போதே கிரீஸ் போடவும். வெயில் ஏற ஏற சுருதியும் ஏறும், அப்போது சிலைடை வெளியே இழுத்தாக வேண்டும். 5 நிமிடம் ஊதிய பிறகுதான் பி ஃபிளாட் ஸ்வரத்தில் சுருதி சேர்ப்போம்.

3. கிளாரினெட், சாக்ஸபோன்: ஆளுக்கு 3 ரீடு (ஊதும்போது அதிரும் நாணல் பட்டை). வாசித்ததும் உள்ளே துணி இழுக்கவும். ஈரத்தில் பேடு (துளையை மூடும் மெத்தை) உப்பினால் துளை மூடாது.

4. டிரம்: நிமிடத்துக்கு 120 அடி வேகம்.

5. நோட்டேஷன், பென்சில், துணி கிளிப் 4. கடல்காற்றில் தாள் நிற்காது.

வருவோர் பெயர், கருவி, அதிலுள்ள பழுது மூன்றையும் வெள்ளி இரவு 9-க்குள் இங்கே பதிவிடவும். வர முடியாதவர்களும் சொல்லிவிடுங்கள், மாஸ்டர் பகுதி பிரிக்க ஆள் கணக்கு தேவை.